ஐஸ்லாந்தில் காற்று பிடுங்கிய கார்க் கதவும் நான் கொடுத்த விலையும்

2024 அக்டோபர் மூன்றாம் வாரத்தில் ஐஸ்லாந்துக்குத் தனியாகச் சென்று ஆறு இரவுகள் தங்கிவிட்டுத் திரும்பினேன். அவற்றில் இரண்டரை நாள்கள் வீணாயின. கூடுதல் செலவும் வீணான அறை முன்பதிவுமாகச் சேர்ந்து ஏறக்குறைய 2,20,000 ரூபாய் கையை விட்டுப் போயிற்று. இதற்குக் காரணம் விபத்தோ திருட்டோ உடல்நலக் குறைவோ இல்லை. கார் நிறுத்துமிடத்தில் நான் கதவைத் திறந்த விதம்தான். அங்கே வாழ்கிறவர்களுக்கு இது சிறு வயதிலேயே பழகிய செய்தி. புறப்படுவதற்கு முன் எனக்கு இதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை என்பதால், அடுத்துச் செல்லப்போகிறவர்களுக்காக நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

ஐஸ்லாந்து பரப்பளவில் தமிழ்நாட்டைவிடச் சிறியது. மக்கள்தொகை நான்கு லட்சத்துக்கும் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் தலைநகரான ரெய்க்யவிக்கிலும் அதைச் சுற்றியும் வசிப்பதால், நகரத்தைத் தாண்டிவிட்டால் பல கிலோமீட்டர்களுக்கு ஒரு பண்ணை வீடு மட்டுமே தென்படும். நாட்டைச் சுற்றி வரும் ஒன்றாம் எண் சாலை சுமார் 1,300 கி.மீ. நீளமுடையது. ரயில் கிடையாது. ஆகவே சுற்றுலா வருபவர்களில் பெரும்பகுதியினர் வாடகைக் காரை நம்புகிறார்கள். நானும் அதையே செய்தேன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா என்னைப் பொறுத்தவரை பெரிய தொல்லையாக இருக்கவில்லை. கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். அந்தக் காப்பீட்டுத் தாளை வாங்கிப் பையில் வைத்தபோது, வழியில் எது நேர்ந்தாலும் அது பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் என் மனத்தில் உறுதியாகப் பதிந்துவிட்டது. என் முதல் தவறு அதுதான். விசாவுக்காக வாங்கும் காப்பீடு உடலுக்கானது. அதிகம் போனால் தொலைந்த பெட்டிக்கும் தாமதமான விமானத்துக்கும் சிறிது தரும். வாடகைக் காருக்கு நேரும் சேதத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. என் தாளில் அது தெளிவாகவே அச்சிடப்பட்டிருந்தது. நான் முதல் பக்கத்துக்கு மேல் புரட்டவில்லை.

கெப்லாவிக் விமான நிலையத்தில் இறங்கியபோது பிற்பகல் மூன்று மணி. இருபது மணி நேரத்துக்கும் மேலான பயணத்தின் சோர்வோடு வாடகைக் கார் அலுவலகத்தின் முன் நின்றேன். அங்கிருந்த இளைஞர் காப்பீட்டு வகைகளை ஒவ்வொன்றாக விளக்கினார்: மோதல் சேதத்துக்கு ஒன்று, சாலையிலிருந்து தெறிக்கும் ஜல்லியால் முன்கண்ணாடி உடைவதற்கு ஒன்று, மணலும் எரிமலைச் சாம்பலும் வண்ணப்பூச்சைத் தேய்ப்பதற்கு ஒன்று. ஜல்லிக் காப்பீட்டை மட்டும் கூடுதலாக எடுத்துக்கொண்டேன். சாவியை நீட்டும்போது அவர், "கதவைத் திறக்கும்போது இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றால் ஏற்படும் கதவுச் சேதத்துக்கு எங்களிடம் எந்தக் காப்பீடும் இல்லை" என்றார். நான் தலையசைத்தேன். அவர் சொன்னதைக் காது வாங்கியதே தவிர மனம் வாங்கவில்லை. அவர் மீது எனக்கு இன்றும் குறையில்லை. சொல்ல வேண்டியதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நீங்கள் எந்த நிறுவனத்தில் கார் எடுத்தாலும், காற்றால் கதவுக்கு நேரும் சேதத்தை அவர்களுடைய காப்பீடு ஏற்கிறதா என்று முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெறுங்கள். பெரும்பாலும் இல்லை என்ற பதிலே வரும். இல்லை என்று தெரிந்திருப்பதே அரைப் பாதுகாப்பு.

மறுநாள் ரெய்க்யவிக்கிலிருந்து ஒரே பகலில் பார்த்துத் திரும்பக்கூடிய மூன்று இடங்களுக்குச் சென்றேன். கி.பி. 930-இல் ஐஸ்லாந்தியர்களின் பொது மன்றம் கூடத் தொடங்கிய திங்வெட்லிர் பள்ளத்தாக்கு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெந்நீரைப் பீய்ச்சியடிக்கும் ஸ்ட்ரோக்கூர் ஊற்று, குல்ஃபோஸ் அருவி ஆகிய மூன்றையும் பற்றி எழுதாதவர் இல்லை என்பதால் நான் விவரிக்கப் போவதில்லை. அன்று காற்று அசையவில்லை, வானம் தெளிவாக இருந்தது. இடப்பக்க ஸ்டியரிங்கும் வலப்பக்கச் சாலையும் ஒரே பகலில் கைக்கு வந்துவிட்டன. அந்த அமைதியான நாள் எனக்குத் தந்த தன்னம்பிக்கையே மறுநாளைய துன்பத்துக்கு முதற்படியாக அமைந்தது என்று இப்போது எண்ணுகிறேன்.

மூன்றாம் நாளுக்கான என் திட்டம் இது: காலையில் புறப்பட்டுத் தென்கடற்கரை வழியாக அருவிகளைப் பார்த்துக்கொண்டு, வீக் என்ற சிற்றூரைக் கடந்து, அதற்குக் கிழக்கே 70 கி.மீ. தொலைவில் கிர்க்யுபையர்க்ளோய்ஸ்தூர் என்ற ஊருக்கு அருகில் இரண்டு இரவுகள் தங்குவது. அங்கிருந்து பனிப்பாறைகள் மிதக்கும் யோக்குல்சார்லோன் ஏரிக்குச் செல்வது. இரண்டு இரவுக்கும் சேர்த்து 52,000 குரோனா முன்னதாகவே கட்டியிருந்தேன்; விலை குறைவு என்பதால், பணம் திரும்பக் கிடைக்காத வகையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அப்போதைய மாற்று விகிதத்தில் 100 குரோனா ஏறத்தாழ 61 ரூபாய். காலையில் கைப்பேசியில் இருந்த வழக்கமான வானிலைச் செயலி மேகமும் சிறிது மழையும் காட்டியது. தங்கியிருந்த விடுதியின் வரவேற்பில் இருந்த பெண்மணி, அந்நாட்டு வானிலை நிலையத்தின் தளமான வேதுரைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். தெற்குப் பகுதிக்கு மஞ்சள் எச்சரிக்கை இருந்தது. காற்று 18, வீச்சு 30 என்று போட்டிருந்தது. பதினெட்டு, முப்பது என்ற எண்கள் எனக்குச் சிறியவையாகத் தோன்றின. ஸ்கூட்டரில் போகும்போது முகத்தில் படும் காற்றின் வேகம்தானே என்று நினைத்துப் புறப்பட்டுவிட்டேன்.

அந்த எண்கள் மணிக்குக் கிலோமீட்டர் அல்ல, வினாடிக்கு மீட்டர். 3.6-ஆல் பெருக்கினால்தான் நமக்குப் பழக்கமான அளவு கிடைக்கும். பதினெட்டு என்றால் மணிக்கு 65 கி.மீ.; முப்பது என்றால் 108 கி.மீ. இதை அறியாதது எனக்குக் கூடுதல் வெட்கத்தைத் தருகிறது, ஏனெனில் நான் ஆரல்வாய்மொழியில் பிறந்து வளர்ந்தவள். ஊருக்குப் பக்கத்தில் முப்பந்தல் காற்றாலைகள். என் அப்பா அங்கேதான் இருபது ஆண்டுகளுக்கு மேல் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றார். வீட்டில் சோறு சாப்பிடும்போதுகூட "இன்னைக்குப் பதினாலு மீட்டர், நல்ல காத்து" என்று பேசக் கேட்டு வளர்ந்திருக்கிறேன். அந்த மீட்டரும் இந்த மீட்டரும் ஒன்றே என்பது அன்று காலை எனக்கு உறைக்கவில்லை. ஐஸ்லாந்து செல்கிறவர்கள் நினைவில் வைக்கச் சில எண்களைத் தருகிறேன். 10 மீட்டர் வரை கவலை வேண்டாம். 15 மீட்டரைத் தொட்டால் உயரமான வண்டிகளும் கூடார வேன்களும் சாலையில் இறங்குவது ஆபத்து. 20 மீட்டரைத் தாண்டினால் சிறிய காருக்கும் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. சராசரிக் காற்றைவிட, இடையிடையே பாயும் வீச்சின் எண்ணையே முதலில் பாருங்கள். காரைத் தள்ளுவதும் கதவைப் பிடுங்குவதும் அதுதான். பலத்த காற்று வீசும் சில பகுதிகளுக்கு முன்னால் சாலையோரத்தில் மின்பலகை வைத்துக் காற்றின் வேகத்தையும் வீச்சின் வேகத்தையும் அப்போதைக்கப்போது காட்டுகிறார்கள். அத்தகைய பலகையைக் கண்டால் அடுத்த பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி ஒருமுறை யோசியுங்கள்.

செல்யாலாந்த்ஸ்ஃபோஸ் வரை பயணம் சுகமாகவே இருந்தது. சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அந்த அருவியின் பின்புறம் நடந்து செல்ல வழி உண்டு. நீர்த்திரையின் உட்பக்கத்திலிருந்து வெளியுலகைப் பார்த்தபோது தனியாக வந்ததை எண்ணிப் பெருமைப்பட்டேன். அங்கிருந்து கிழக்கே செல்லும் சாலை எயாஃப்யாட்லயோக்குல் மலையின் அடிவாரத்தை ஒட்டிப் போகிறது. 2010-இல் வெடித்து ஐரோப்பிய வானில் விமானங்களையே நிறுத்திவைத்த அதே எரிமலை. கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் காற்று இந்த மலையில் ஏறி, மறுபக்கச் சரிவில் உருண்டு இறங்கும்போது சீராக வீசாமல் துண்டு துண்டாகப் பாய்கிறது. ஒரு நிமிடம் அமைதியாக இருக்கும். அடுத்த நொடி யாரோ தோளால் இடித்தாற்போல் கார் பக்கவாட்டில் நகரும். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து, ஸ்கோகாஃபோஸ் அருவியின் கார் நிறுத்துமிடத்தை அடைந்தபோது உள்ளங்கைகள் வியர்த்திருந்தன. போய்ச் சேர்ந்துவிட்டோம் என்ற நிம்மதியில் முதலில் கண்ணில் பட்ட இடத்தில் காரை நிறுத்தினேன். காற்று பின்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. இடது கையால் கதவின் கைப்பிடியை நீக்கினேன். அவ்வளவுதான், கதவு என் கையில் இல்லை. இடியோசை போன்ற ஒரு சத்தத்துடன் அது முன்பக்கம் மடிந்து மட்கார்டின் மீது மோதி, ஒரு கணம் அங்கேயே நின்று நடுங்கியது. தோள்பட்டை இழுபட்ட வலியில் சில நொடிகள் எனக்கு எதுவும் புரியவில்லை. இறங்கிப் பார்த்தபோது கீல் வளைந்திருந்தது, மட்கார்டு நசுங்கியிருந்தது, எவ்வளவு தள்ளியும் கதவு சாத்த மறுத்தது. மழை காருக்குள் அடித்துக்கொண்டிருந்தது. அறுபது மீட்டர் அருவி எதிரே விழுந்துகொண்டிருக்க, நான் அதைப் பார்க்காமல் கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

அங்கே பழகியவர்கள் காரை எப்படி நிறுத்துகிறார்கள் என்பதைப் பின்னர் கவனித்துக் கற்றுக்கொண்டேன். காரின் மூக்கு காற்றை நோக்கி இருக்குமாறு நிறுத்த வேண்டும். அப்போது காற்று கதவைத் திறக்கவிடாமல் அமுக்குமே தவிரப் பிடுங்காது. காற்று எந்தத் திசை என்று தெரியாவிட்டால் அருகிலுள்ள கொடியையோ புல்லையோ பாருங்கள், அல்லது கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிப் பாருங்கள். திறக்கும்போது ஒரு கை கைப்பிடியிலும் மறு கை கதவின் விளிம்பிலும் இருக்க வேண்டும். ஒரு கை நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, காற்றின் பலத்தை உணர்ந்த பிறகே மேலும் திறக்க வேண்டும். ஒரே நேரத்தில் ஒரு கதவுதான். இருபுறமும் கதவு திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து காகிதம், பணப்பை, கையுறை எல்லாவற்றையும் அள்ளிச் சென்றுவிடும். பிள்ளைகளோடு செல்கிறவர்கள் பின்கதவுகளில் உள்ள குழந்தைப் பூட்டைப் போட்டுவிட்டு, நீங்களே வெளியே வந்து திறந்துவிடுங்கள். பெண்ணொருத்தி தனியாகப் போவதால் அஞ்ச வேண்டிய நாடு அது இல்லை. இந்தக் காற்றுக்குத்தான் அஞ்ச வேண்டும்.

எவ்வளவு நேரம் நின்றிருந்தேன் என்று தெரியவில்லை. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் தம் பழைய ஜீப்பை என் காருக்குக் காற்றுமறைப்பாக நிறுத்திவிட்டு வந்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஜீப்பிலிருந்து, சரக்குகளை இறுக்கிக் கட்டும் நீண்ட ஆரஞ்சு நிறத் துணிப்பட்டை ஒன்றை எடுத்து, கதவின் உட்புறக் கைப்பிடியில் கோத்து, மறுபக்க இருக்கையின் அடியில் உள்ள இரும்பில் மாட்டி, பற்சக்கரத்தைத் திருகித் திருகிக் கதவை அதன் இடத்துக்கு இழுத்துவிட்டார். இனி நீ வலப்பக்கத்துக் கதவு வழியாக ஏறி இறங்கு என்று சைகையோடு சொன்னார். பணம் நீட்டியபோது கையை உதறினார். பட்டையை எப்படித் திருப்பித் தருவது என்று கேட்டதற்கு, அருவியை ஒட்டிய ஸ்கோகார் என்ற ஊரில் உள்ள அருங்காட்சியகத்தின் தேநீர்க்கடையில் கொடுத்தால் தமக்கு வந்து சேரும் என்றார். பெயரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

வாடகைக் கார் அலுவலகத்தை அழைத்தேன். மாற்றுக் கார் வேண்டுமானால் மறுநாள்தான் பேச முடியும் என்றும், பழுதான காரை இழுவை வண்டியில் கொண்டுவந்தால் அதன் செலவு முழுவதும் என்னுடையது என்றும், கதவு உறுதியாக மூடியிருந்தால் படங்களை அனுப்பி அனுமதி பெற்றுக் காற்று தணிந்த பின் நானே ஓட்டி வரலாம் என்றும் சொன்னார்கள். இதற்குள் கைப்பேசியில் சாலைத் துறையின் வரைபடம் மாறியிருந்தது. ஸ்கோகாருக்கும் வீக்குக்கும் இடையிலான சாலை சிவப்பு, அதாவது மூடப்பட்டுவிட்டது. எனக்குப் பின்னால், நான் வந்த மலையடிவாரச் சாலையும் சிறிது நேரத்தில் சிவப்பாயிற்று. கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை. சாலைத் துறையின் உம்ஃபெர்டின் என்ற தளத்தில் இந்த வரைபடம் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. சாலை மூடப்பட்டது என்றால் அது அறிவுரை இல்லை, தடை. குறுக்குக் கம்பியைச் சுற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு அபராதம் உண்டு, அவர்களை மீட்கப் போகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அந்த மீட்புச் சங்கத்தார் புத்தாண்டுக்குப் பட்டாசு விற்றே தங்கள் செலவின் பெரும்பகுதியைத் திரட்டுகிறார்கள். அவர்கள் நடத்தும் சேஃப்டிராவல் தளத்தில் உங்கள் பயணத் திட்டத்தை முன்பே பதிவுசெய்யலாம். அவசர எண் 112. அதே பெயரிலுள்ள செயலி ஒரே அழுத்தலில் நீங்கள் இருக்கும் இடத்தை அனுப்பிவிடும். தனியாகச் செல்கிறவர்கள் விமானம் ஏறுமுன்பே இதைக் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

மாலை ஆறு மணிக்குள் இருட்டிவிட்டது. அருகிலிருந்த ஒரு சிறிய தங்குமிடத்தில், என்னைப் போலவே சிக்கிக்கொண்டவர்களின் வரிசையில் நின்று, கடைசியாக எஞ்சியிருந்த அறைகளில் ஒன்றை 34,000 குரோனாவுக்கு எடுத்தேன். ஏறக்குறைய 20,700 ரூபாய். அதன் பிறகே கிழக்கில் நான் பதிவுசெய்திருந்த விடுதிக்குத் தொலைபேசினேன். எடுத்த பெண்மணி வருத்தத்தோடு பேசினார். நண்பகலில் சொல்லியிருந்தால் அந்தப் பக்கம் சிக்கியவர்களுக்கு அறையைக் கொடுத்து உங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பேன், இப்போது சாலை அடைபட்டுவிட்டதால் யாரும் வரப்போவதில்லை என்றார். சாலை மூடக்கூடும் என்ற முதல் அறிகுறி தெரிந்தவுடனேயே, நீங்கள் போகவேண்டிய இடத்துக்கும் போகாமல் விடக்கூடிய இடத்துக்கும் தொலைபேசியில் பேசிவிடுங்கள். மின்னஞ்சல் வேண்டாம், அங்குள்ள சிறு விடுதிகளைப் பெரும்பாலும் ஒரே குடும்பம் நடத்துவதால், குரலுக்குக் கிடைக்கும் இரக்கம் எழுத்துக்குக் கிடைப்பதில்லை. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை செல்கிறவர்கள், சற்று விலை கூடினாலும், ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையையே எடுங்கள். நான் அப்படி எடுத்திருந்தால் இரண்டு இரவுக்கும் சேர்த்துச் சுமார் 9,000 குரோனா கூடியிருக்கும். அதை மிச்சப்படுத்தப் போய் 52,000 குரோனாவை இழந்தேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. தகரக் கூரை விடாமல் அதிர்ந்தது. கொண்டுபோயிருந்த புளிக்காய்ச்சலை ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு, இரவு பதினொன்றரைக்கு, நம் ஊரில் காலை ஐந்து மணி ஆகியிருக்கும் என்று கணக்குப் பார்த்து அப்பாவை அழைத்தேன். எதையும் மறைக்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "காத்து எத்தன மீட்டர்னு போட்டிருந்தான்?" என்றார். முப்பது என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. "மக்களே, முப்பந்தல்ல இருவத்தஞ்சு மீட்டர் ஆனா மெஷினே தானா நின்னுரும். அம்மாம்பெரிய இரும்பே நிக்குற காத்துல நீ ஒத்தக் கையால கதவத் தொறந்திருக்க. போட்டும், காருக்குத்தான கேடு. காத்து நிக்கது வர நீ எங்கயும் போவாத" என்றார். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர்களின் மகளாகிய நான், அந்தச் சொல்லை இடம் மாறியவுடன் மறந்துபோனேன். பணம் போன வருத்தத்தைவிட, அப்பாவின் வேலையை இத்தனை ஆண்டுகள் அருகிலிருந்து பார்த்தும் அதிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லையே என்ற வருத்தம் அன்றிரவு பெரிதாக இருந்தது.

மறுநாள் நண்பகலில் மேற்குச் சாலை திறந்தது. வீச்சு 14 மீட்டருக்குக் குறையும்வரை மேலும் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். படங்களைப் பார்த்து அலுவலகம் அனுமதி தந்த பிறகு, வலப்பக்கக் கதவு வழியாக ஏறி, இருக்கையைத் தாண்டி அமர்ந்து, சுமார் 150 கி.மீ. தூரத்தை மூன்று மணி நேரத்துக்கும் மேலாக ஓட்டி ரெய்க்யவிக் வந்து சேர்ந்தேன். அன்றைய இரவுக்குப் புதிய அறை, 22,000 குரோனா. ஐந்தாம் நாள் முழுவதும் கார் அலுவலகத்திலேயே கழிந்தது. மதிப்பீட்டுத் தொகை 2,60,000 குரோனா. கதவு, கீல், மட்கார்டு, வண்ணப்பூச்சு, கூலி, அத்துடன் கார் பட்டறையில் நிற்கும் நாள்களுக்கான வாடகை இழப்பு. ஏறக்குறைய 1,58,000 ரூபாய். என் கடன் அட்டையில் அந்தத் தொகையைப் பிடித்தபோது உடலெல்லாம் சில்லிட்டது. நான் செய்த சில நல்ல காரியங்களில் ஒன்று, முதல் நாளே காரை நான்கு பக்கமும் ஒளிப்பதிவு செய்து வைத்தது. மட்கார்டின் கீழ்ப்பகுதியில் முன்பே இருந்த ஒரு கீறலை அதைக் காட்டியே கணக்கிலிருந்து நீக்கச் செய்தேன். மற்றொன்று, பொத்தாம்பொதுவான தொகைக்குக் கையெழுத்திடாமல் ஒவ்வொரு இனத்துக்கும் தனி விலையிட்ட சீட்டைக் கேட்டது. ஊருக்கு வந்த பிறகு, பழுதுபார்ப்பு எத்தனை நாள்களில் முடிந்தது என்று பட்டறையின் சீட்டைக் கேட்டு எழுதினேன்; கணக்கிட்டதைவிட முன்னதாகவே முடிந்திருந்ததால் ஐந்து வாரங்களுக்குப் பின் 30,000 குரோனா திரும்ப வந்தது. கேட்காவிட்டால் வந்திருக்காது. ஆத்திரப்படாமல், தேதியும் எண்ணும் குறிப்பிட்டு எழுதினால் பதில் கிடைக்கிறது.

அட்டைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதிலும் எனக்கு ஒரு சிக்கல் நேர்ந்தது. அந்நாட்டில் ரொக்கம் ஏறக்குறைய தேவைப்படுவதே இல்லை. ஆள் இல்லாத பெட்ரோல் நிலையங்களில் அட்டையும் நான்கு இலக்க எண்ணும் இல்லாமல் எண்ணெய் கிடைக்காது. அந்த இயந்திரத்தில் "முழுத் தொட்டி" என்று அழுத்தினால், நாம் நிரப்பும் அளவைவிடப் பெரிய தொகையை முதலில் பிடித்து வைத்துக்கொண்டு, சில நாள்கள் கழித்தே விடுவிக்கிறார்கள். முன்கூட்டிப் பணம் ஏற்றிய பயண அட்டையில் இப்படி நடந்தால் கையிருப்பே முடங்கிவிடும். எனக்கு முடங்கியது. ஆகவே ஐயாயிரம் குரோனா என்பதுபோல் குறிப்பிட்ட தொகையையே தேர்ந்தெடுங்கள். புறப்படுமுன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வையுங்கள். ஒருமுறைக் கடவுச்சொல் வரும் இந்திய எண்ணுக்கு ரோமிங் வசதி இருக்கட்டும். மாற்றுக் கார் தர அலுவலகம் முன்வந்தது. ஆனால் மீண்டும் ஒரு முன்பணத்தைப் பிடிக்க என் அட்டையில் இடம் இருக்கவில்லை, மனத்திலும் துணிவு இருக்கவில்லை.

ஆறாம் நாள், 26,000 குரோனா கொடுத்து, யோக்குல்சார்லோன் ஏரிவரை சென்று இரவே திரும்பும் பேருந்தில் ஏறினேன். பதினான்கு மணி நேரப் பயணம். குளிர்மாதங்களில், தனியாக, பனிச்சாலையில் ஓட்டிப் பழகாமல் செல்லும் நம்மவர்களுக்கு இதுவே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. மாறும் வானிலைக்கு ஏற்பத் திட்டத்தை மாற்றும் பொறுப்பு ஓட்டுநருடையது. நிறுவனமே பயணத்தை ரத்து செய்தால் பணமும் திரும்புகிறது. காரில்தான் போக வேண்டும் என்றால், பயணத்தின் கடைசி இரண்டு இரவுகளை விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். சாலை அடைபட்டாலும் விமானம் தவறாது. எனக்கு அந்த ஒரு ஏற்பாடாவது தற்செயலாகச் சரியாக அமைந்திருந்தது.

ஓட்டுநர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பேருந்தைச் சுற்றித் திருப்பி, அதன் முகம் காற்றைப் பார்த்த பிறகே கதவைத் திறந்தார். ரேனிஸ்ஃபியாரா கருமணல் கடற்கரையில் இறங்குவதற்கு முன், அங்குள்ள எச்சரிக்கை விளக்கின் நிறத்தைக் காட்டி, அது சிவப்பாக இருந்தால் மணலில் இறங்கவே கூடாது என்றும், எந்த நிறமானாலும் கடலுக்கு முதுகு காட்டக் கூடாது என்றும் எல்லோரிடமும் சொன்னார். அமைதியாகத் தோன்றும் கடலிலிருந்து திடீரென ஓரலை வழக்கத்தைவிட வெகுதூரம் உள்ளே ஏறி வந்து ஆளை இழுத்துச் செல்லும். அங்கே அப்படிப் பல பயணிகள் உயிரிழந்திருக்கிறார்கள். நான் மேட்டிலிருந்தே பார்த்துக்கொண்டேன். பிற்பகலில் ஏரியை அடைந்தோம். நீலமும் வெண்மையுமான பனிக்கட்டிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கடலை நோக்கி மெல்ல நகர, இடையில் ஒரு கடல்நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. இரண்டு நாள்களாக நெஞ்சில் அடைத்திருந்தது அங்கே சிறிது இறங்கிற்று.

காலையில் போகும் வழியிலேயே ஸ்கோகாஃபோஸ் அருவியில் இருபத்தைந்து நிமிடங்கள் நிறுத்தினார்கள். மற்றவர்கள் அருவிக்கு நடந்தபோது, நான் சுருட்டி வைத்திருந்த ஆரஞ்சுப் பட்டையை எடுத்துக்கொண்டு அருங்காட்சியகத்தின் தேநீர்க்கடைக்கு வேகமாக நடந்தேன். பெயர் தெரியாதவரை எப்படி விளங்க வைப்பது என்று தயங்கிக்கொண்டே ஜீப்பின் நிறத்தைச் சொல்லத் தொடங்கியதும், அங்கிருந்த பெண் பட்டையைப் பார்த்துத் தலையசைத்து, அதை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தார். அங்கே அதேபோன்ற பட்டைகள் இன்னும் இரண்டு இருந்தன.